காற்றுக்கு ஒரு முக்காடு

"மாமா! பேரிங் வந்துடுத்து. ஞாயித்துக்கிழமை உங்காத்துக்கு எடுத்துண்டு வரேன். அங்கேயே மாட்டிடலாம்" என்று அடையாற்றிலிருந்து என் மருமான் டெலிபோனில் சொன்னபோது எனக்கு விசேஷமாக ஒன்றும் தோன்றவில்லை. மோட்டார் சைக்கிள் என்று இருந்தால் பேரிங் தேயும். தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். அவன் இருப்பது நாலாவது மாடி ஃப்ளாட். அங்கே ஒரு ஸ்பானரைக் கீழே போட்டால் அசோசியேஷன் செக்ரட்டரி மேலே வந்துவிடுவார். அதனால் இந்த மாதிரி வைபவங்களெல்லாம் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில்தான் நடப்பது வழக்கம். நானும் ஒரு பழைய வேஷ்டியைக் கிழித்து, கிரீஸ் டப்பாவைத் தேடி எடுத்து, சுத்தியலும் கையுமாகக் காத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பின் ஸீட்டில் கயிறு போட்டுக் கட்டி வந்து இறங்கிய பெட்டியைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்தேன். அதற்குள் ஒரு குழந்தையைப் படுக்க வைக்கலாம்.

"இத்தனை பெரிய பேரிங்கா? ரயிலுக்கா வாங்கினே?"

"ஐயோ மாமா, பேரிங் இல்லை, ஃபேரிங்!" என்று என் முகத்தில் காற்று அடிக்கும்படி அந்த முதல் எழுத்தை ஊதிச் சொன்னான்.

பெட்டிக்குள்ளிருந்து வெளிவந்தது வழவழவென்று ஒரு பைபர் கூடு. நடுவில் ஹெட்லைட்டுக்கு வட்டமாக ஓட்டை. மேலே வளைந்து நிற்கும் கண்ணாடி போன்ற தகடு. காப்பியோடு வந்த என் மனைவி ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னடா இது, வாஷ் பேசினா?" என்றாள். காற்று மார்பில் மோதாமல் தடுக்க வண்டி முகப்பில் மாட்டுவது என்று விளக்கினான். "அப்படிச் சொல்லு, வண்டிக்கு முக்காடு!" என்று ஒரே வார்த்தையில் பெயர் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நானும் ஒரு காலத்தில் புல்லட் வைத்திருந்தவன்தான். இங்கிலாந்து ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல் கூட்டுச் சேர்ந்து, மறு வருஷம் திருவொற்றியூரில் தொழிற்சாலை திறந்ததிலிருந்து, புல்லட் நம் ஊர்ப் பிள்ளை ஆகிவிட்டது. என் புல்லட் நாளில் காற்றுக்கு நாங்கள் செய்த ஒரே ஏற்பாடு, மார்கழி விடியற்காலையில் சட்டைக்குள் தினசரிப் பேப்பரை மடித்து வைத்துக்கொள்வதுதான். சோழவரத்தில் பழைய யுத்தகால விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும்போது பஸ் பிடித்துப் போய் வெயிலில் நின்று பார்த்திருக்கிறேன். ஓட்டுகிறவர்கள் பெட்ரோல் டாங்கின் மேல் பல்லியைப் போல ஒட்டிப் படுத்துக்கொண்டு போவார்கள். அங்கே மனிதன் மடங்கிக் காற்றுக்கு வழி விட்டான். என் மருமானோ தான் மடங்கத் தயாராக இல்லை. காற்றை மடங்கச் சொல்கிறான்.

அவன் வண்டி அதே கம்பெனி வம்சத்தில் 2018-ல் வெளிவந்த இன்டர்செப்டர் 650. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஊருக்குள் அது சௌகரியம். பாண்டிச்சேரி போகிறேன் என்று கிளம்பினால், நிமிர்ந்த மார்பு பாய்மரம் மாதிரி ஆகிவிடும். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. பயப்பட வேண்டாம், சின்னக் கணக்குதான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் செலவழிக்கும் சக்தியோ எட்டு மடங்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து போகிற ஆளையும் வண்டியையும் சேர்த்துக் காற்று சுமார் 7 கிலோ கனத்தால் பின்னுக்குத் தள்ளுகிறது என்று வைத்துக்கொண்டால், 100-ல் அது 28 கிலோ. 25-ல் இரண்டு கிலோகூட இல்லை. இந்தக் கடைசித் தொகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் ஏமாற்றம் அதில்தான் இருந்தது.

மாட்டுகிற வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிந்ததே தப்பு என்று பின்னால் தெரிந்தது. முன் சக்கரத்தின் இரண்டு ஃபோர்க்குகளையும் கவ்விப் பிடிக்க நாலு கிளாம்புகள், இரண்டு பிராக்கெட்டுகள், ஒரு கை போல்ட்டுகள். ஹெட்லைட்டைக் கழற்றி, அதன் பின்னால் சுருண்டு கிடந்த ஒயர்களையும் கேபிள்களையும் ஒரு பக்கமாக ஒதுக்கித் தள்ளி, கூட்டை வைத்து முடுக்கினோம். வண்டி என்னமோ பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. எதிர் வீட்டுப் பையன்கள் வந்து சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

"வாங்கோ மாமா, பனகல் பார்க் வரைக்கும் ஒரு ரவுண்டு" என்றான்.

மே மாதத்துப் பகல் பதினோரு மணி. லஸ்ஸில் கிளம்பி எல்டாம்ஸ் ரோடு வழியாக தியாகராய நகர் போய்ச் சேருவதற்குள் எங்கும் 25-ஐத் தாண்டியிருக்க மாட்டோம். பனகல் பார்க்கில் இறங்கியபோது அவன் சட்டை ஆடிப்பெருக்குக்குப் போய் வந்த மாதிரி நனைந்திருந்தது. சென்னையில் கோடை நாளில் மோட்டார் சைக்கிள்காரனுக்கு இருக்கிற ஒரே பாக்கியம், வேர்வையை உலர்த்துகிற அந்த இரண்டு கிலோக் காற்றுதான். அதைப் பணம் கொடுத்துத் தடுத்திருந்தோம். (பின்னால் உட்கார்ந்த எனக்கு எந்தக் காலத்திலும் காற்று வந்தது கிடையாது. எனக்கு அவன் முதுகே ஃபேரிங்.)

இதோடு போயிருந்தால் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். திரும்பி வருகிற வழியில் கீரை வாங்கி வரும்படி உத்தரவாகியிருந்ததால் தெற்கு மாட வீதிக்குள் நுழைந்தோம். கீரைக்காரி எதிர்ப் பக்கம். வண்டியைத் திருப்ப வேண்டும். ஆள் நடக்கிற வேகத்தில் ஹாண்டிலை வலது பக்கம் முழுக்க ஒடித்தான். அவ்வளவுதான்! அவன் கை ஆக்ஸிலேட்டரை முறுக்கவே இல்லை. எஞ்சின் தானாக 'ஹோ' என்று அலறிக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளியது. ஒரு கிழவி எலுமிச்சம்பழக் கூறுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் பேத்தி. பகவான் புண்ணியத்தில் அவனுக்குக் கிளட்சைப் பிடிக்கத் தோன்றியது. முன் சக்கரம் சாக்கின் ஓரத்தில் ஏறி, நாலு கூறு பழத்தை நசுக்கி, அந்தக் குழந்தைக்கு ஒரு முழம் இப்பால் நின்றது.

கிழவி குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "வண்டிக்கு மூஞ்சி மாட்டினா ஆச்சா? கண்ணு வாணாம்?" என்றாள். பழத்துக்குப் பணம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டாள். இருந்தாலும் அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த ஒரு முழம் இடைவெளிதான் தெரிந்தது.

மறுநாள் வண்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டே ராயப்பேட்டைக்குப் போனோம். அங்கே ஒரு சந்தில் நாற்பது வருஷமாகப் புல்லட் வைத்தியம் பார்க்கிற பாய் ஒருவர் இருக்கிறார். என் பழைய வண்டிக்கும் அவர்தான் டாக்டர். முக்காட்டைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எஞ்சினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓட விட்டார். பிறகு ஹாண்டிலை மெதுவாக இடது கோடிக்குத் திருப்பினார். சத்தம் மாறவில்லை. வலது கோடிக்குத் திருப்பினார். 'ஹோ!'

"பாத்தீங்களா சார்? இதுதான் பரீட்சை. முன்னால எதை மாட்டினாலும், ஹாண்டிலு இந்தக் கோடி அந்தக் கோடி போவணும், எஞ்சின் சத்தம் மாறக் கூடாது. மாறிச்சுன்னா கேபிளு எங்கியோ மாட்டிக்கினு இழுக்குதுன்னு அர்த்தம். வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் வேலை."

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் நாங்கள் மிச்சப்படுத்தியிருந்தோம். நாங்கள் ஒதுக்கித் தள்ளிய கேபிள், பிராக்கெட்டுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருந்தது. ஹாண்டில் வலது பக்கம் போகும்போதெல்லாம் அது இழுபட்டு ஆக்ஸிலேட்டரைத் திறந்துவிட்டது. பாய் அதை எடுத்துப் பழைய வளைவிலேயே தளர்வாக விட்டார். பிரேக் ஹோஸ், ஹாரன் ஒயர் எல்லாவற்றையும் அதே மாதிரி இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்த்தார். லீவருக்கும் கூட்டுக்கும் நடுவே, ஹாண்டில் எந்தக் கோடியில் இருந்தாலும், இரண்டு விரல் நுழைய வேண்டும் என்றார். ஓரிடத்தில் நுழையவில்லை. பைபர் ஓரத்தை அரத்தால் ராவி வளைவாக்கினார்.

பிறகு போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "யாரு முடுக்கினது?" என்றார். நான்தான். பலமாக முடுக்கியிருந்தேன். கண்ணாடித் தகட்டின் ஒரு துளையிலிருந்து மயிர்க் கோடு மாதிரி ஒரு விரிசல் ஏற்கெனவே கிளம்பியிருந்தது. இறுக்கினால்தான் நிற்கும் என்பது இரும்பு நியாயம். அக்ரிலிக்குக்கும் பைபருக்கும் அது செல்லாது. துளை போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். நடுவில் ரப்பர் புஷ், இரண்டு பக்கமும் அகலமான வாஷர். அப்போதுதான் வண்டியின் நடுக்கத்தை ரப்பர் வாங்கிக்கொள்ளும், தகடு தப்பிக்கும். விரிசல் முடிகிற நுனியில் பாய் மெல்லிய டிரில்லால் ஒரு சின்னத் துளை போட்டார். விரிசலை நிறுத்த இன்னும் ஓட்டை போடுவதா என்று நான் திகைத்தேன். கூர்மையான நுனிதான் மேலே மேலே கிழித்துக்கொண்டு போகும்; அது வட்டமாகிவிட்டால் அங்கேயே நின்றுவிடும் என்றார். தையற்காரர் பொத்தான் துளையின் கோடியில் போடும் முடிச்சு ஞாபகம் வந்தது. பைபர் கூட்டுக்குப் பின்புறம் போல்ட் வருகிற இடங்களில் கண்ணாடி நார்த் துணியும் ரெசினும் வைத்து ஒட்டுப் போட்டுக் கனமாக்கினார். அந்த நாரைச் சும்மா தொட்டுப் பார்த்த எனக்கு இரண்டு நாள் உள்ளங்கை அரித்தது தனிக் கதை.

அடுத்த ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை. 80-க்கு மேல் போகக் கூடாது என்பது என் நிபந்தனை. மாமா வந்தால்தான் வண்டி கிளம்பலாம் என்பது மாமியின் நிபந்தனை. உத்தண்டி தாண்டி ரோடு விரிந்ததும் முக்காட்டின் மகிமை தெரிந்தது. மார்பில் காற்றே இல்லை என்றான். ஆனால் தலைக்கு மட்டும் பழைய நிம்மதியும் போய்விட்டதாம். "ஹெல்மெட்டுக்குள்ளே யாரோ தவில் வாசிக்கிறா மாமா!"

இந்தத் தவில் விஷயம் சுவாரசியமானது. தகட்டின் மேல் விளிம்பைத் தாண்டுகிற காற்று சும்மா போகாது. சுழல் சுழலாக உடைந்து போகும். அந்தச் சுழல்கள் சரியாக ஹெல்மெட்டின் நெற்றியில் வந்து வெடித்தால் ஓட்டுகிறவனுக்கு மண்டை இடி. உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைச் சற்றுத் தாழ்த்தியபோது சத்தம் அடங்கியது. எம்பி நிமிர்ந்தபோதும் அடங்கியது. நடுவில் இருக்கிற அவனுடைய இயல்பான உயரம்தான் தவில்காரருக்குப் பிடித்த உயரமாக இருந்தது!

காற்று கண்ணுக்குத் தெரியாததுதான் சங்கடம். தெரிய வைக்க வழி உண்டு. காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்கிற பெரிய மனிதர்களே செய்கிற காரியம் அது. என் மனைவியின் பின்னல் பையிலிருந்து சிவப்புக் கம்பளி நூலை இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டி, தகட்டின் முன்னும் பின்னும், விளிம்பிலும், அவன் சட்டை மார்பிலும் டேப் போட்டு ஒட்டினோம். மறு வாரம் அவன் ஓட்ட, நான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். என்ன ஆச்சரியம்! தகட்டின் முன்பக்கத்து நூல்களெல்லாம் படிய வாரிய தலைமயிர் மாதிரி மேல் நோக்கி ஒட்டிக் கிடந்தன. விளிம்பு நூல் பேயாடியது. அவன் மார்பில் இருந்த நூல்கள் பின்னால் பறக்க வேண்டாமோ? பறக்கவில்லை. காற்று வருகிற திசையை நோக்கி, முன்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றன!

பின்பக்கத்திலிருந்து யார் ஊதுகிறார்கள் என்று நான் யோசித்து விடை கண்டுபிடிக்க முட்டுக்காடு வரை ஆயிற்று. தகட்டுக்குப் பின்னால் காற்று குறைந்து ஒரு வெற்றிடம் மாதிரி ஏற்படுகிறது. அதை நிரப்ப, மேலே போகிற காற்று வளைந்து பின்பக்கமாக வந்து விழுகிறது. 'யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளுகிறாற்போல் இருக்கிறது' என்று அவன் முன்பே சொன்னதை நான் பிரமை என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் வைத்தியம் என்ன? கண்ணாடியை இன்னும் உயரமாக்குவது என்றுதான் யாருக்கும் தோன்றும். நாங்கள் எதிர்மாறாகச் செய்தோம். தகட்டின் அடியில், கூட்டோடு சேர்கிற இடத்தில், ரப்பர் குழாயை வெட்டிச் சின்னச் சின்ன வளையங்களாக வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் சந்து விட்டோம். கொஞ்சம் காற்று கீழே புகுந்து அந்த வெற்றிடத்தை நிரப்பட்டும்! மறுபடியும் நூல், மறுபடியும் உத்தண்டி. மார்பு நூல்கள் சோர்ந்து தொங்கின. விளிம்பு நூல் பேயாட்டத்தை விட்டுப் பரத நாட்டிய அளவுக்கு இறங்கியது. "தவில் போச்சு மாமா, மிருதங்கம் மட்டும் இருக்கு" என்றான். தகட்டை இன்னும் ஒரு விரல் பின்பக்கம் சாய்த்ததும் அதுவும் நின்றது. இந்தச் சந்தினால் ஊருக்குள்ளும் மார்புக்குக் கொஞ்சம் காற்று கிடைத்தது. அது நாங்கள் எதிர்பாராத லாபம்.

வெற்றி தலைக்கேறினால் மனிதன் சும்மா இருப்பானா? முட்டுக்காடு பாலத்தருகே இளநீர் குடிக்கும்போது, "அடுத்தது சக்கரத்தையும் எஞ்சினையும் மூடற மாதிரி முழு ஃபேரிங் போட்டுடலாம்" என்றான். கடற்காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கிளம்பிப் பாலத்தின் மேல் மெதுவாகப் போகச் சொன்னேன். காற்று ஒரு தரம் அறைந்ததும் ஹாண்டில் லேசாக உதறியது. ஃபோர்க்கில் மாட்டிய ஃபேரிங் எதுவாக இருந்தாலும் அதில் படுகிற பக்கக் காற்று ஹாண்டிலைத்தான் திருகும். சின்னக் கூடு என்பதால் உதறலோடு போயிற்று. பெரிதாக மாட்டுவதென்றால் ஃபோர்க்கை விட்டு ஃபிரேமோடு பிடிக்க வேண்டும். அப்போதும் பக்கக் காற்று வண்டியையே ஒதுக்கித் தள்ளும்.

வீட்டுக்கு வந்து அவனுக்கு 1957-ம் வருஷத்துக் கதையைச் சொன்னேன். ஐல் ஆஃப் மான் தீவுப் பந்தயத்தில் பாப் மக்கின்டயர் என்ற ஸ்காட்லாந்து வீரர் கிலேரா வண்டியில் அந்த மலைப் பாதையை முதல் முதலாக மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரியில் சுற்றி வந்தார். அந்த வண்டிக்கு முன் சக்கரத்தையே மூடுகிற பெரிய கூடு. அதற்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த செல்லப் பெயர் 'குப்பைத் தொட்டி'. நேர்க் காற்றில் அதற்கு நிகர் இல்லை. பக்கக் காற்று அடித்தால் வண்டி சொன்ன பேச்சுக் கேட்காது. அந்த வருஷத்தோடு சர்வதேசச் சம்மேளனம் பந்தயங்களில் அதைத் தடை செய்துவிட்டது. முன் சக்கரம் வெளியே தெரிய வேண்டும் என்று விதி. இதே சமயத்தில்தான், 1958-ல், ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியே 'ஏர்ஃப்ளோ' என்று பைபர் முக்காடு போட்ட வண்டிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பந்தயத்துக்கு அல்ல, மழையிலும் குளிரிலும் ஆபீஸ் போகிறவர்களுக்கு. அவர்கள் ஊரில் குளிர் விரோதி. நம் ஊரில் எஞ்சினுக்கே காற்று வேண்டும். இன்டர்செப்டரின் முன்னால் இருக்கிற ஆயில் கூலர் என்ன, அலங்காரத்துக்கா? அதையும் மூடிவிட்டு மே மாதம் அண்ணா சாலை சிக்னலில் நின்றால் எஞ்சினுக்கும் நமக்கும் ஒரே நேரத்தில் மயக்கம் வரும். பையன் முழு முக்காட்டைக் கைவிட்டான்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டியதில் அதன் பார்வை மேலே போய்விட்டது. எதிர் வீட்டு மாடித் துணிக்கொடிதான் பிரகாசமாகத் தெரிந்தது. சுவருக்கு எதிரே நிறுத்தி, கழற்றுவதற்கு முன் வெளிச்சம் எங்கே விழுந்தது என்று சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை. எங்களுக்கு ஒரு சாயங்காலம் ஆயிற்று. இன்னொன்று, சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்டு ரிஜிஸ்டர் ஆன விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019-ம் வருஷத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'திருவான்மியூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டிக் கேட்டுவிடு' என்று சொல்லியிருக்கிறேன். போகிறேன் என்கிறான். போன வாரமும் அதையேதான் சொன்னான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். பாய் நாலு போல்ட்டில் கழன்று வருகிற மாதிரி பிராக்கெட்டை மாற்றிக் கொடுத்திருக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை வண்டி வெறும் முகத்தோடு ஆபீஸ் போகும். முக்காடு எங்கள் வீட்டு நடையில் ஆணியில் தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து மாட்டிக்கொள்வான். மாட்டி முடித்ததும் எஞ்சினை ஓட விட்டு, இந்தக் கோடி அந்தக் கோடி ஹாண்டிலைத் திருப்பி, நான் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும். தெற்கு மாட வீதியில் அந்தக் கிழவியைத் தாண்டும்போது மட்டும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறான். அவள் பேத்தி அவனைப் பார்த்துக் கை ஆட்டுகிறது.

நேற்று புதன்கிழமை மத்தியானம் நடைக்குப் போனேன். ஆணி காலியாக இருந்தது. பதறிப்போய்த் தேடினால், மொட்டை மாடியில் வெயிலில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் வெள்ளைத் துணி விரித்து, என் மனைவி ஜவ்வரிசி வடாம் பிழிந்திருந்தாள்.

"நல்ல வழவழப்பு. துணி ஒட்டாமல் வருகிறது. அவன் சனிக்கிழமைதானே வருவான்?" என்றாள்.